படிவத்தில் காலியாக வரும் நான்கு வரிகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் வயிறு, குடல் நோய்களையும் காது, மூக்கு, தொண்டை நோய்களையும் பார்க்கும் டாக்டர்களுக்கு,

வணக்கம்.

நான் டாக்டர் இல்லை. திசுப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் நுட்புநராக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் எடுத்தனுப்பும் சதைத் துண்டைப் புட்டியிலிருந்து எடுத்து, ஆல்கஹாலிலும் சைலீனிலும் முக்கி, மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்லும் நோயியல் மருத்துவரின் மேசையில் கொண்டுபோய் வைப்பது என் வேலையாக இருந்தது. ஒவ்வொரு புட்டியோடும் ஒரு படிவம் வரும். இந்த மடல் அந்தப் படிவத்தைப் பற்றியது.

படிவத்தின் மேல்பாதியில் பெயர், வயது, வார்டு எண் எல்லாம் பெரும்பாலும் நிரம்பியிருக்கும். கீழே நான்கு வரிகளுக்கு இடம் விட்டிருப்பார்கள். நோயாளிக்கு என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, நீங்கள் கண்ணால் பார்த்தது என்ன, எந்த இடத்திலிருந்து எடுத்தீர்கள். இந்த நான்கும் நிரம்பிய படிவம் வந்தால் கூடத்தில் அதை ஒருவருக்கொருவர் எடுத்துக் காட்டுவோம். அவ்வளவு அபூர்வம். மற்றவற்றில் 'பயாப்ஸி' என்று மட்டும் இருக்கும். அல்லது 'இரைப்பை' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அல்லது ஒன்றுமே இருக்காது.

காலையில் எண்பது நோயாளிகளைப் பார்த்துவிட்டு உடம்புக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கோப் அறைக்கு ஓடுகிறவர்கள் நீங்கள் என்பது எனக்குத் தெரியும். படிவத்தை நிரப்புவது பல இடங்களில் பயிற்சி டாக்டரோ செவிலியரோ என்பதும் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

அந்தத் துண்டு எங்களிடம் வந்தபின் என்ன ஆகிறது என்பதைச் சொன்னால், நான் ஏன் இவ்வளவு பாடுபட்டுக் கேட்கிறேன் என்று புரியும். எண்டோஸ்கோப்பி இடுக்கி கடித்தெடுக்கும் துண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். கடுகைவிடச் சற்றுப் பெரிது. திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் கிடந்து வெளுத்து, தேங்காய்த் துருவலின் ஒரு துணுக்கு போல் புட்டியின் அடியில் கிடக்கும். அதை வடிதாளில் பொதிந்து கேசட் என்ற சிறு பெட்டியில் வைப்போம், இல்லாவிட்டால் இடையில் காணாமல் போய்விடும். மெழுகில் பதிக்கும்போது அது எந்தப் பக்கமாகப் படுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரைப்பையின் உட்சவ்வு மேலிருந்து கீழாக நேராக வெட்டுப்பட்டால்தான் சுரப்பிகளின் முழு ஆழமும் தெரியும். சாய்ந்துவிட்டால் சுரப்பிகளின் வாய்கள் மட்டும் வட்ட வட்டமாகத் தெரியும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சித்திரை வெயிலில் மெழுகு இளகும் என்பதால் துண்டு பதிந்த மெழுகுக் கட்டியை, அதாவது பிளாக்கை, ஐஸ் கட்டியின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, பிறகு மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் மாட்டுவோம். நான்கு மைக்ரான் கனம். ஒரு தலைமுடியின் கனத்தில் பதினைந்தில் ஒரு பங்கு இருக்கும். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடா போல் வரும். அதை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் விரியும். கண்ணாடித் தகட்டை நீருக்குள் சாய்த்து அந்த நாடாவை ஏந்தி எடுக்க வேண்டும். மூச்சு பலமாக விட்டால்கூட மடிந்துவிடும். பிறகு ஹீமடாக்சிலின், ஈயோசின் சாயங்கள். செல்லின் கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் நிற்கும்.

இத்தனையும் செய்து முடித்தபின் ஸ்லைடில் இருப்பது உடம்பின் ஒரு கடுகளவு. அந்தக் கடுகு எங்கே இருந்தது, அதைச் சுற்றி என்ன இருந்தது, அந்த மனிதர் ஏன் உங்களிடம் வந்தார் என்பதெல்லாம் அந்த நான்கு வரிகளில்தான் இருக்கின்றன. அவை காலியாக இருந்தால் நோயியல் மருத்துவர் கண்ணுக்குத் தெரிந்ததை எழுதிவிட்டு, கடைசியில் 'நோய்க்குறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்று ஒரு வரி சேர்ப்பார். ஆயிரக்கணக்கான ரிப்போர்ட்டுகளின் அடியில் அந்த வரியைப் பார்த்திருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எங்களைத் தொலைபேசியில் அழைத்தவர்களை என்னால் விரல்விட்டு எண்ண முடியும்.

என் மைனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் மனைவி. தோவாளையில் பூக்கட்டுவார். விடிவதற்கு முன் சந்தைக்குப் போய், பிச்சியும் அரளியும் வாங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்தால் உச்சி வரை கை நிற்காது. நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு அவரால் சோறு விழுங்க முடியவில்லை. முதலில் குழைத்துச் சாப்பிட்டார், பிறகு கஞ்சியாக்கினார். மீன் துண்டைக் கடைசியாக எப்போது தின்றார் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. 'இங்கே ஏதோ தட்டுகிறது' என்று கழுத்தின் நடுவில், குரல்வளைக்குக் கீழே விரலை வைத்துக் காட்டுவார். எப்போதும் அதே இடம். உடம்பு வெளுத்துப் போயிருந்தது. வாயோரம் வெடிப்பு. கட்டைவிரல் நகங்கள் நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டால் தங்கும்போல் கரண்டியாக வளைந்திருந்தன. பூ தொடுக்கும் விரல்கள் என்பதால் அந்த நகங்களை நான் தினமும் பார்த்தேன்.

இரண்டு ஆண்டுகள் வாயுத் தொந்தரவு என்று மாத்திரை கொடுத்தார்கள். பிறகு ஒரு மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்து, இரைப்பையிலிருந்து துண்டு எடுத்தார்கள். அது நான் வேலை பார்த்த கூடத்துக்கே வந்தது. வரிசை எண் போட்டவள் நான். படிவத்தில் இருந்தது இவ்வளவுதான்: பெண், 49, இரைப்பை, அழற்சியா? விழுங்க முடியவில்லை என்ற சொல் இல்லை. இரத்தசோகை என்ற சொல் இல்லை. ரிப்போர்ட்டில் நாள்பட்ட இரைப்பை அழற்சி என்று வந்தது. புற்று இல்லை என்று தெரிந்ததும் நான் அன்று மாலையே ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக உறங்கினோம்.

பதினான்கு மாதங்கள் கழித்து குரல் கம்மி, காதுவரை வலி பரவியபின்தான் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தார். குரல்வளைக்குப் பின்புறம், உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில் வளர்ச்சி. இரத்தசோகை, விழுங்குவதில் தடை, உணவுக்குழாயின் மேல்முனையில் சவ்வுத் திரை, பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்கள், அவர்களில் சிலருக்கு அதே இடத்தில் புற்று. இதை பிரிட்டிஷ் டாக்டர்களான பேட்டர்சனும் கெல்லியும் 1919-லேயே எழுதிவிட்டார்கள். உங்கள் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. இரைப்பைக்குப் போகும் குழாய் அந்த இடத்தை ஒரு நொடியில் கடந்துவிடும், அங்கே நின்று பார்க்காது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே.

ஸ்கோப் சரியாகவே செய்யப்பட்டது. நான் சீவியதும் சரி, ரிப்போர்ட்டும் சரி. நோய் மட்டும் ஒரு சாணுக்குச் சற்று மேலே இருந்தது. படிவத்தில் 'திட உணவு விழுங்க முடியவில்லை, இரண்டு ஆண்டு, கழுத்தளவில் தடை' என்று இருந்திருந்தால் எங்கள் நோயியல் மருத்துவர் அந்த இரைப்பைத் துண்டோடு திருப்தி அடைந்திருக்க மாட்டார். கேட்டிருப்பார். அவர் கேட்கும் குணமுள்ளவர். அந்த வரியை எழுதச் சொல்லி நானாவது திருப்பி அனுப்பியிருக்கலாம். எனக்கு விழுங்கும் கதையும் தெரியும், நகமும் தெரியும். இரைப்பை என்று எழுதியிருந்ததால் இரைப்பை என்றே பதிந்தேன். மைனி திருவனந்தபுரத்தில் கதிர் சிகிச்சை எடுத்துக்கொண்டு எட்டு மாதம் உயிரோடு இருந்தார்.

வயிற்றைப் பார்க்கிறவர்களுக்கும் தொண்டையைப் பார்க்கிறவர்களுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவது இதனால்தான். கருவில் நான்காவது வாரத்தில் உணவுப் பாதையின் முன்பகுதியிலிருந்துதான் மூச்சுக்குழாய் மொட்டு விட்டுக் கிளம்புகிறது. பிறந்தபின்னும் சோறும் மூச்சும் தொண்டையில் ஒரே முச்சந்தியைத்தான் கடக்கின்றன. இரைப்பை அமிலம் மேலேறினால் குரல்வளை சிவக்கிறது. நெஞ்செரிச்சலே இல்லாமல் காலையில் குரல் கட்டிக்கொள்வதும், ஓயாமல் தொண்டையைச் செருமுவதும் மட்டுமே அதன் அடையாளமாக இருக்கலாம். ஆனால் குரல் கட்டிய ஒருவருக்கு அமிலம் என்றே முடிவு செய்து மாதக்கணக்கில் மாத்திரை எழுதுவதும் இதே மாவட்டத்தில் நடக்கிறது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் குரல்வளையைப் பார்த்துவிட வேண்டும். 1854-ல் பாரிஸில் மனுவேல் கார்சியா என்ற இசை ஆசிரியர், பாடும்போது தன் குரல்நாண்கள் எப்படி அசைகின்றன என்று அறிய, சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்துச் சூரிய ஒளியைத் திருப்பிப் பார்த்தார். அதைவிட எத்தனையோ நல்ல கருவிகள் இன்று வட்டத் தலைநகரங்களிலேயே இருக்கின்றன.

குரல்நாணில் புண். காசநோயாக இருக்கலாம், புற்றாக இருக்கலாம். மேலோட்டமாகக் கடித்தெடுத்த துண்டில் இரண்டும் வெறும் அழற்சியாகத் தெரியலாம். 'மாலையில் காய்ச்சல், எடை குறைந்தது, நெஞ்சுப் படத்தில் நிழல்' என்று நீங்கள் எழுதியிருந்தால் நோயியல் மருத்துவர் அன்றே காசக்கிருமிச் சாயம் போடச் சொல்வார், இன்னும் ஆழமாகச் சீவு என்பார். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்திலும் இதே சிக்கல்தான். காசநோயும், குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோயும் அங்கே ஒன்றுபோல வேடம் போடும். காசநோய்க்காரருக்கு கிரோன் என்று எண்ணி நோய் எதிர்ப்பைக் குறைக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்லைடு தனியாக நின்று அந்த வேற்றுமையைச் சொல்லாமல் போகும் நாட்கள் உண்டு. பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியில் புண் குறுக்கே இருந்ததா, நெடுக்கே இருந்ததா என்ற உங்கள் ஒரு வரி அப்போது பெரிய துணை.

இந்த மாவட்டத்துக்கு இது புதிய பாடமும் இல்லை. நம் நெய்யூரில், திருவிதாங்கூர் காலத்து மிஷன் மருத்துவமனையில் இருந்த டாக்டர் பென்டால், 1908-லேயே 1,700 புற்றுநோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். அதே நெய்யூரிலிருந்து டாக்டர் ஆர் (Orr) 1933-ல், வெற்றிலை பாக்கு போடுவோருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி எழுதினார். பாக்கே தனியாகப் புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் அறிவிப்பதற்கு எழுபது ஆண்டுகள் முந்தைய வேலை அது. வரும் ஒவ்வொருவரிடமும் என்ன மெல்லுகிறாய், எத்தனை காலமாக, எந்தக் கன்னத்தில் அடக்குகிறாய் என்று கேட்டுக் குறித்து வைக்காமல் அப்படி ஒரு கட்டுரை எழுத முடியாது. இன்று எங்களுக்கு வரும் வாய், தொண்டைத் துண்டுகளின் படிவத்தில் முறுக்கான் (வெற்றிலை பாக்கு) பழக்கம் உண்டா இல்லையா என்ற ஒரு சொல்கூட இருப்பதில்லை. முறுக்கான் செல்லத்தை மடியில் வைத்துக்கொண்டே உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறார்கள், ஐயா.

நெய்யூர் என்றால் டாக்டர் சோமர்வெல்லை மறக்க முடியாது. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன அதே சோமர்வெல். 1924-ல் இறங்கி வரும் வழியில் குளிரில் செத்துப்போன குரல்வளையின் உட்சவ்வு உரிந்து மூச்சை அடைக்க, நெஞ்சை இரு கைகளாலும் அழுத்தி அதை இருமித் தள்ளிப் பிழைத்தவர். அவர்தான் நெய்யூரில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நம் மக்களின் குடற்புண்ணை அறுத்துச் சரிசெய்தார். என் தாத்தாவின் வயிற்றில் தொப்புளுக்கு மேல் ஒரு நீளத் தழும்பு உண்டு. 'மலையேறின டாக்டர் போட்டது' என்று சட்டையைத் தூக்கிக் காட்டுவார். தெற்குத் திருவிதாங்கூரில் ஏன் இவ்வளவு குடற்புண் என்பதற்கு மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கையும் மிளகாயையும் பட்டினியையும் காரணம் சொன்னார்கள். சோமர்வெல்லும் ஆரும் சேர்ந்து 1936-ல் அந்த நோயைப் பற்றி இங்கிலாந்தின் அறுவை மருத்துவ இதழில் விரிவாக எழுதினார்கள்.

விடை வந்தது வெகு தொலைவிலிருந்து. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர் 1979-ல் இரைப்பைத் துண்டுகளில் வளைந்த கிருமிகளைப் பார்த்தார். அழற்சி இருந்த இடத்தில் அவை இருந்தன. பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் 1981-ல் அவரோடு சேர்ந்தார். வாரனிடம் ஸ்லைடுகள் இருந்தன, மார்ஷலிடம் நோயாளிகள் இருந்தார்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, நூறு நோயாளிகளின் தொந்தரவு, ஸ்கோப்பில் கண்டது, திசுவில் கண்டது எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்தார்கள். 1982-ல் கிருமியை வளர்த்தும் காட்டினார்கள். குடற்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணமான அந்தக் கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. என் தாத்தாவுக்கு இரண்டு வார மாத்திரையில் தீர்ந்திருக்கக்கூடிய நோய் என்று எங்கள் நோயியல் மருத்துவர் ஒரு நாள் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் கிருமியை எங்கள் கூடத்தில் ஜீம்சா சாயத்தில் தேடுவோம். சவ்வின் மேல் கோழைக்குள் சிறு சிறு வளைந்த கோடுகளாக நீல நிறத்தில் தெரியும். ஆனால் நோயாளி அமிலம் குறைக்கும் மாத்திரையைத் தின்றுகொண்டே வந்திருந்தால், இரைப்பையின் கீழ்ப்பகுதியில் கிருமி குறைந்து, இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். இரண்டு வாரமாவது அந்த மாத்திரையையும், நான்கு வாரம் ஆன்டிபயாடிக்கையும் நிறுத்திவிட்டு எடுப்பதுதான் முறை. நிறுத்த முடியாத நோயாளி என்றால் 'மாத்திரை சாப்பிடுகிறார்' என்று இரண்டு சொல் எழுதுங்கள். கீழ்ப்பகுதியில் இரண்டு, மேற்பகுதியில் இரண்டு, வளைவில் ஒன்று என்று ஐந்து இடத்தில் எடுத்து அனுப்பச் சொல்வதும் நீங்கள் அறிந்ததே. ஐந்தையும் ஒரே புட்டியில் போட்டு அனுப்பினால் எது எங்கிருந்து வந்தது என்று எந்தச் சாயமும் சொல்லாது.

மூக்குக்கு வருகிறேன். நம் ஊர் குளங்களின் ஊர். குளித்துவிட்டு வரும் பையன்களுக்கு மூக்கில் ஒரு கட்டி வரும். ஸ்ட்ராபெரி போல் சிவந்து, மேலே வெள்ளைப் புள்ளிகளோடு, தொட்டால் இரத்தம் வடியும். ரைனோஸ்போரிடியோசிஸ். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான் இது மிகுதி. 1900-ல் அர்ஜென்டினாவில் செபர் முதலில் விவரித்தார். நீண்ட காலம் பூஞ்சை என்று நம்பினார்கள், பிறகு மரபணுவைப் பார்த்து வேறு குலம் என்றார்கள். ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வழியில்லாததால் ஸ்லைடுதான் தீர்ப்பு. தடித்த சுவருள்ள உருண்டைப் பைகள், உள்ளே மாதுளை முத்துபோல் நூற்றுக்கணக்கான வித்துகள். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். நோயைக் கண்டுபிடிக்க இதில் உங்கள் குறிப்பு தேவையே இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் 'மூக்குப் பாலிப்' என்று மட்டும் எழுதி வரும்போது எனக்கு மனம் பொறுக்காது. எந்த ஊர், எந்தக் குளம், முன்பு ஒருமுறை எடுத்துத் திரும்ப வந்ததா என்று எழுதியிருந்தால், முப்பத்தோரு ஆண்டுகளில் எங்கள் பதிவேட்டிலிருந்தே எந்தெந்தக் குளக்கரையில் இது இருக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டிருக்கலாம். பதிவேடு இருக்கிறது. குளத்தின் பெயர்கள்தான் இல்லை.

இன்னும் சில சின்ன விஷயங்கள். துண்டை உப்புத் தண்ணீரில் போட்டு அனுப்பாதீர்கள், எங்களிடம் வந்து சேர்வதற்குள் செல்கள் கரையத் தொடங்கிவிடும். பத்து சதவீத ஃபார்மலின், துண்டின் அளவைப்போல் பத்து மடங்கு. பெரிய துண்டைக் குறுகிய வாய்ப் புட்டிக்குள் திணித்தால், எடுக்கும்போது நசுங்கி வரும். மூடியின் மேல் பெயர் எழுத வேண்டாம், மூடி மாறும், புட்டியின் உடம்பில் எழுதுங்கள். இதையெல்லாம் உங்கள் செவிலியர்களிடம் ஒருமுறை நின்று சொன்னால் போதும்.

ரிப்போர்ட் வந்தபின்பும் வேலை இருக்கிறது. புற்றுநோய் இல்லை என்று நாங்கள் எழுதினால், அந்தக் கடுகளவில் இல்லை என்று மட்டுமே பொருள். ஸ்கோப்பில் உங்கள் கண்ணுக்கு அது புற்றுபோலவே தெரிந்திருந்தால் ரிப்போர்ட்டை நம்பி நோயாளியை அனுப்பிவிடாதீர்கள். தொலைபேசியை எடுங்கள். 'நான் பார்த்தது இது, நீங்கள் சொல்வது வேறு' என்று சொல்லுங்கள். பிளாக் எங்களிடம்தான் இருக்கும். இன்னும் ஆழமாகச் சீவலாம், வேறு சாயம் போடலாம், மறுபடி எடுக்கச் சொல்லலாம். மெழுகில் பதிந்த திசு பல ஆண்டுகள் கெடாது. களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போகும் பஸ்ஸில், அப்பாவின் பிளாக்கைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே இருக்கும் டாக்டர்கள் முதலில் கேட்பது, 'உங்கள் ஊர் டாக்டர் என்ன பார்த்தார்?' என்பதுதான். அந்தப் பிள்ளையிடம் காட்ட ஒரு வரியும் இருக்காது.

2011 கணக்கெடுப்பின்படியே 18.7 லட்சம் பேர் வாழும் மாவட்டம் இது. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாதத்தில் ஒரு பிற்பகல், இரைப்பை குடல் மருத்துவர்களும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் நோயியல் மருத்துவர்களும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து, அந்த மாதத்தில் கண்ணும் ஸ்லைடும் ஒத்துப்போகாத நான்கைந்து நோயாளிகளைப் பற்றிப் பேசக் கேட்கிறேன். தனியார் மருத்துவமனைகளில் இருப்பவர்களையும் அழையுங்கள். நுட்புநர்களையும் பின் வரிசையில் உட்கார அனுமதியுங்கள். புட்டி எப்படி வந்தது என்று எங்களுக்குத்தான் தெரியும்.

படிவத்தை எப்படி நிரப்புவது, துண்டை எப்படி அனுப்புவது என்று உங்கள் பயிற்சி டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் சொல்லிக்கொடுக்க எந்த மருத்துவமனை அழைத்தாலும் வருகிறேன். பஸ் செலவுகூட வேண்டாம். ஒரு புட்டியும் கொஞ்சம் ஃபார்மலினும் ஒரு வெற்றுப் படிவமும் இருந்தால் போதும், அரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
தோவாளை வட்டம்